சாயம் ஏறாத பல்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "அப்பா, நான் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டபோது, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்றிருந்த உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கொழந்த அத்தனை தூரத்துல எஸ்.டி.டி. பூத்துல நின்னுகிட்டு கேக்குறா, ஒண்ணும் சொல்லாம வெச்சிட்டீங்களே" என்றாள். "நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். "அவ உங்களைத்தானே கேட்டா" என்று சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்த பேஷண்ட்டைக் கூப்பிடப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு க்ளினிக் உண்டு என்பது உனக்குத் தெரிந்ததுதான். எனக்குப் பதில் எழுத ஒரு வாரம் பிடித்தது. அதற்குள் என் வாயிலிருந்து ஒரு கடைவாய்ப் பல்லும் போய்விட்டது. அந்தப் பல்லுக்கும் உன் கேள்விக்கும் சம்பந்தம் இருக்கிறது, அவசரப்படாமல் படி. இது ஒளித்து வைத்துப் படிக்க வேண்டிய கடிதமும் அல்ல. ஹாஸ்டலில் உன்னோடு இருக்கும் பெண்கள் படிக்கலாம். உன் ஆராய்ச்சி கைடு கேட்டால் அவரிடமும் கொடு.

முதலில் உன் சிக்கலை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. மின்கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்திலேயே தலை நரைத்தவனுக்குத் துகள் இயற்பியல் இவ்வளவுதான் ஏறும். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் துகள்களை எண்ணுவதற்கு வரிசையாகக் கருவிகள் வைத்திருக்கிறீர்கள். வந்த எண்களை வரைபடமாகப் போட்டால், சீராக இறங்க வேண்டிய கோட்டில் ஓரிடத்தில் சின்னத் திமில் ஒன்று தெரிகிறது. அது இதுவரை யாரும் பார்க்காத துகளின் அடையாளமாக இருக்கலாம் என்று உன் கைடு நம்புகிறார். அந்தத் திமிலில் பெரும்பங்கு ஒரே ஒரு கருவி வழியாக வருகிறது என்று நீ கண்டுபிடித்திருக்கிறாய். அந்தக் கருவியை இடம் மாற்றி வைத்து இன்னொரு தடவை எண்ணிப் பார்க்க அவகாசம் கேட்டாய். வெளிநாட்டில் இன்னொரு கூட்டமும் இதையே தேடுகிறது, தாமதித்தால் முந்திக்கொள்வார்கள், இப்போது அனுப்பிவிட்டுப் பிறகு சரிபார்க்கலாம் என்கிறார் அவர். கட்டுரையில் உன் பெயரும் இருப்பதால் உன் கையெழுத்து இல்லாமல் அது போகாது. நீ மேற்படிப்புக்கு வெளிநாடு போவதற்கான சிபாரிசும் அவர் கையில்தான் இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொன்னால், கையெழுத்துப் போட்டால் விமானம், போடாவிட்டால் திரும்பவும் தாம்பரத்தில் நம் வீடு. இவ்வளவுதானே?

உனக்கு இது முதல் திமில் அல்ல. இங்கே கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, துகள் எண்ணும் பெட்டிகள் இரண்டை நீயே செய்தாயே, நினைவிருக்கிறதா? துகள் பட்டால் மின்னும் பிளாஸ்டிக் தகட்டையும், அந்த மின்னலை உணரும் பழைய ஒளிக்குழாயையும் உன் டிபார்ட்மெண்டில் கொடுத்துவிட்டார்கள். தகட்டில் எழும் வெளிச்சத்தைக் குழாய் வரைக்கும் கொண்டுபோக, வளைந்த கண்ணாடி போன்ற துண்டு ஒன்று வேண்டும் என்று வந்து நின்றாய். "இவ்வளவுதானா?" என்று உன் அம்மா பல்செட் செய்யும் அக்ரிலிக் தூளை எடுத்தாள். நிறம் சேர்க்காத தூளைத் திரவத்தில் குழைத்து, பிளாஸ்டர் அச்சில் அடைத்து, தண்ணீரில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். தண்ணீர் கொதிக்கவே கூடாது. கொதித்தால் உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகிக் குமிழ் விட்டுவிடும். முதல் துண்டை அவளே செய்து தந்தாள், பளிங்காக வந்தது. இரண்டாவதை நீ செய்தாய். சினிமாவுக்குப் போகிற அவசரத்தில் ஸ்டவ் தீயைத் தூக்கி வைத்தாய்.

மொட்டை மாடியில் ஒரு பெட்டியைப் பல்லாவரம் மலைப் பக்கம் சாய்த்து வைத்தாய், இன்னொன்றைக் கடல் பக்கம். மலைப் பக்கத்துப் பெட்டியில் எண்ணிக்கை குறைந்தது. "அப்பா, மலை துகளை மறைக்குது" என்று மாடிப்படியில் குதித்து வந்தாய். நானும் குதித்தேன். சோதனைக்கூடத்தில் இருக்கும் எல்லோரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். உன் அம்மா மட்டும் குதிக்காமல் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பொட்டியையும் எடம் மாத்தி வெச்சுப் பாரு" என்றாள். மாற்றி வைத்தோம். குறைச்சலும் கூடவே கடல் பக்கம் போய்விட்டது. அப்புறம் அந்தப் பெட்டியில் இருந்த, நீ செய்த அக்ரிலிக் துண்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே நுரை நுரையாகக் குமிழ். வெளிச்சத்தை மறித்தது அதுதான். நீ அழுதாய். அவள் உன்னைச் சமாதானப்படுத்தவில்லை, புது அச்சுக்குப் பிளாஸ்டர் கரைக்க ஆரம்பித்துவிட்டாள். இப்போது நீ உன் கைடிடம் கேட்டிருப்பதும் அதே இடம் மாற்றும் சோதனைதான். இதை எந்தப் புத்தகத்திலிருந்து கற்றாய் என்று அவர் கேட்டால், தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் என்று சொல்.

இனி நான் சொல்லப்போவது உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது நீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாய், எண்பதுகளின் நடுவில். உன் அம்மா பல் அடைக்க வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு சிமென்ட்டுக்குக் காத்துக் கிடப்பாள். கண்ணாடித் தூளும் ஒரு புளிப்புத் திரவமும் சேர்ந்த சிமென்ட் அது. டப்பா வரும், பாதியில் தீரும், அடுத்த டப்பா எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் அந்தத் தூளை என்னிடம் காட்டி, "இது உங்க சரக்குதானே, உங்களால செய்ய முடியாதா?" என்றாள். சீண்டுவதற்குக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சீண்டப்பட்டேன். அனுமதி வாங்கிக்கொண்டு, வேலை நேரம் முடிந்த பிறகு எங்கள் சூளையிலேயே கண்ணாடி உருக்கினேன். உருக்கி, தண்ணீரில் கொட்டி, மாவாக அரைத்துக் கொண்டுவருவேன். அவள் குழைப்பாள். சில நாள் அது களியாக இருக்கும், சில நாள் குழைக்கும்போதே கல்லாகிவிடும். ஒருமுறை அவளுடைய குழைக்கும் கரண்டியே அதில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. வருடக்கணக்கில் இப்படியே போய், கடைசியில் ஒன்று சரியாக வந்தது. எங்கள் கல்யாணத்தன்றுகூட நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோமா என்று சந்தேகம்தான்.

அதைச் சோதிக்கப் பிடுங்கிய பற்கள் வேண்டும். நம் வீட்டு ஷெல்ஃபில் ஜவ்வரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் உப்புத்தண்ணீர் பாட்டில்களில் பற்கள் இருந்தது உனக்கு மறக்காது. உன் ஸ்கூல் தோழிகளைக் கூட்டிவந்து காட்டினாய், அதன் பிறகு ஒருத்தியும் நம் வீட்டில் சாப்பிடவில்லை. பல்லில் சிமென்ட்டை அடைத்து, சிவப்புச் சாயத்தில் ஊறப்போட்டு, வைரச் சக்கரத்தில் நடுவே அறுத்துப் பார்ப்பேன். பல்லுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவில் சிவப்பு இறங்கியிருந்தால் தோல்வி. அதே வழியாக எச்சிலும் இறங்கும், அடைத்ததற்கு அடியில் பல் சொத்தையாகும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

ஒவ்வொரு பல்லைப் பிடுங்கியதும் உன் அம்மா அதற்கு உரியவரிடம், "இதை நாங்க ஒரு சோதனைக்கு வெச்சுக்கலாமா?" என்று கேட்பாள். ஜனங்கள் சிரிப்பார்கள். குப்பையில் போகிற பல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று நானும் சிரிப்பேன். கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை செய்த ஒரு அம்மா, சரி என்று சொல்லிவிட்டுப் போனவள், அடுத்த வாரமே பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். "மன்சு கேக்கலம்மா. பால்பல்லெல்லாம் எங்கம்மா சாணியில வெச்சி எங்க வூட்டு கூரை மேல போட்டுச்சி. இது மட்டும் எங்கியோ கெடக்குதேன்னு ஒரே இதுவா கீது. குடுத்துடு" என்றாள். அவள் பல்லை நான் ஏற்கெனவே இரண்டாக அறுத்துவிட்டிருந்தேன். உள்ளே வந்து உன் அம்மாவிடம், "பாட்டில்லேர்ந்து ஏதாவது ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துக் குடு, அவளுக்கு என்ன தெரியப்போகுது" என்று கிசுகிசுத்தேன். என்னை அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அறுத்த இரண்டு பாதிகளையும் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய், சிவப்பு ஏன், நடுவில் வெள்ளையாக இருப்பது என்ன என்று எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்பும் கேட்டுக் கொடுத்தாள். அந்த அம்மா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் என்துதானே?" என்று மட்டும் உறுதி செய்துகொண்டு போனாள். அதன் பிறகு கேளம்பாக்கத்திலிருந்து பல்வலிக்காரர்கள் அனைவரும் நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள்.

பாட்டில் பல்லில் சிமென்ட் ஜெயித்தது. அடுத்தது உயிருள்ள வாய். உன் அம்மா க்ளினிக்குக்கு வருகிறவர்களிடம் விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். "இது புதுசு, நாங்களே செஞ்சது. எத்தனை வருஷம் நிக்கும்னு எங்களுக்குத் தெரியாது. பழையதும் இருக்கு. உங்களுக்கு எது வேணும்?" இப்படிக் கேட்டால் யார் புதுசு என்பார்கள்? எல்லோரும் பழையதையே கேட்டார்கள். தாம்பரம் ஜனங்களின் புத்திசாலித்தனத்தை நான் மனதாரச் சபித்த நாட்கள் அவை. கடைசியில், "என் வாயில வை" என்றேன். கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் எனக்குச் சொத்தையாக இருந்தது. அவள் உடனே ஒப்பவில்லை. "என்கிட்ட வேணாம்னு சொல்ல உங்களால முடியுமா?" என்று கேட்டாள். "அந்த உரிமை கல்யாணத்தன்னிக்கே போச்சு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மற்ற பேஷண்ட்டுகளோடு என்னையும் பெஞ்சில் உட்காரவைத்து, என் முறை வந்ததும் உள்ளே கூப்பிட்டு, யாரோ மூன்றாம் மனிதனுக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். யோசித்துவிட்டு வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினாள். வீடு என்பது அடுத்த அறைதான், ஆனாலும் அனுப்பினாள். திரும்பி வந்து, சரி என்றேன். அப்புறம்தான் வைத்தாள்.

ஒரு வாய் போதாது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே நடக்கவிருந்த பல் மருத்துவர் மாநாட்டில் எங்கள் கட்டுரைக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒரு கம்பெனிக்காரர், இன்னும் சிலர் வாயில் நிற்கிறது என்று காட்டினால் தயாரிக்கத் தயார் என்றார். நாள் நெருங்கியது. நான் தனபாலிடம் போனேன். கோவிலம்பாக்கத்தில் ஏர் ஓட்டிய குடும்பம் அவருடையது. நிலத்தை மனை போட்டு விற்று, செங்கல் சூளையும் லாரியும் வைத்திருந்தார். உன் அம்மா செய்து தந்த பல்செட்டில் கரும்பு கடிப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். சோதனைக்குக் கொஞ்சம் ஆட்கள் வேண்டும் என்று நான் சொன்னது அவருக்கு ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. சூளை ஆட்கள், ஆணும் பெண்ணுமாக, இறங்கிக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். "இன்னா டாக்டரம்மா, சார் ஆளு வேணும்னாரு. அப்டியே லாரியில ஏத்திகினு வந்துட்டேன். யாருக்கு எந்தப் பல்லு வேணுமோ பாத்துக்குங்க" என்றார் தனபால். உன் அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்த வரிசையில் முதலில் இருந்த பெண்ணிடம் போய்க் குந்தி உட்கார்ந்தாள். "எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியாதும்மா. மொதலாளி ஏறச் சொன்னாரு, ஏறினோம்." உன் அம்மா அவளுக்கும் எல்லாவற்றையும் விளக்கினாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லலாம். உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தனபாலைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொதலாளி சொன்னப்புறம் எப்பிடிம்மா வேணாம்ங்கறது?"

தனபாலுக்கு முகமெல்லாம் பெருமை. "பாத்தீங்களா? என் பேச்சை ஒருத்தன் தட்ட மாட்டான்" என்றார்.

"தெரியுது. அதனாலதான் வேணாம்ங்கறேன்" என்றாள் உன் அம்மா.

"இன்னாம்மா இது, பேஜாரா கீது. ஓசியில பல்லு அடைக்கிறதுல இன்னா தப்பு?"

"அடைக்கிறேன். வந்த எல்லாருக்கும் பாக்குறேன். ஆனா பழைய சிமென்ட்லதான்."

அன்று தொடங்கி, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சூளை ஆட்கள் வந்தார்கள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமை க்ளினிக் அப்படித்தான் ஆரம்பித்தது. தங்கமாகச் சேர்த்து வைத்திருந்த வெளிநாட்டுச் சிமென்ட் முழுவதும் அவர்கள் வாய்க்குள் போனது. எங்கள் சிமென்ட் ஒருத்தர் வாயிலும் போகவில்லை. மாநாட்டுக்கு நாங்கள் போகவில்லை. கம்பெனிக்காரர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். பிறகு வேறு எங்கிருந்தோ அதே மாதிரி சிமென்ட் தாராளமாக வர ஆரம்பித்தது, எங்களுடையதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று. நான் கொதித்துப்போனேன். "ஊருக்கு உபகாரம் பண்ற சாமானைக் குழிதோண்டிப் பொதைச்சிட்டே" என்று கத்தினேன். எத்தனை நாள் பேசாமல் இருந்தோம் என்று தெரியவில்லை. "அப்பா, அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க", "அம்மா, அப்பா பசிக்கலையாம்" என்று நீ தூது போய் அலுத்து, ஒருநாள் இரண்டு பேருக்கும் தட்டு வைத்துவிட்டு நீ மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டாய். எதற்குச் சண்டை என்று அன்று நீ கேட்டாய், நான் சொல்லவில்லை. இதற்குத்தான்.

ஆகவே உன் கைடைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. நெருங்கிவிட்ட நாள், முந்திக்கொள்ளக் காத்திருக்கும் இன்னொருவன், பாடுபட்டுச் செய்த ஒன்றின் மேல் வருகிற பாசம், இந்த மூன்றும் சேர்ந்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் அதிர்ஷ்டம், எனக்கு எதிர் நாற்காலியில் உன் அம்மா இருந்தாள்.

இனி பல்லுக்கு வருகிறேன். அந்தச் சிமென்ட் இத்தனை வருடமாக என் வாயிலேயே இருந்தது. சர்க்கரை வந்த பிறகு ஈறு இளகி, அந்தப் பல் கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. எடுத்துவிடலாம் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நீ போன் செய்த மறுநாள் நானே போய் பெஞ்சில் உட்கார்ந்து, "எடுத்துடு" என்றேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. "பல்லை வெச்சுக்கலாமா?" என்று அவள் வழக்கம்போலக் கேட்டாள். "நானே வெச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டேன். இந்த மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகிறேன் அல்லவா, சோதனைக்கூடத்துச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சாயத்தில் ஊறப்போட்டு, பழைய சக்கரத்திலேயே அறுத்தேன்.

உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், சிவப்பு இறங்கியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அடியில் சொத்தை கறுத்துக் கிடந்தால் கடிதம் எவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் பார். "அன்று உன் அம்மா தடுத்திருக்காவிட்டால் அத்தனை ஏழைகளின் பல்லும் போயிருக்கும், ஆகையால் மகளே" என்று எழுதி ஒட்டிவிடலாம். மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பு இல்லை. பல்லும் சிமென்ட்டும் ஒன்றையொன்று பிடித்தபடி, ஒரு கோடு போல, சுத்தமாக நின்றன. பல்லைத் திருப்பி அடுத்த பாதியையும் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். எங்கள் சிமென்ட் ஜெயித்திருக்கிறது, பாப்பா. இத்தனை வருடம் இட்லியும் முறுக்கும் கடித்து, சர்க்கரை நோயையும் தாங்கி, ஒரு சொட்டுகூட உள்ளே விடவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பழைய கோபம்தான் அப்படியே எழுந்து வந்தது.

அதே கோபத்தோடு வீட்டுக்கு வந்து, அவள் முன்னால் இரண்டு பாதியையும் லென்ஸையும் வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "அழகா நின்னிருக்கு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதுவும் போதவில்லை. "அப்ப அன்னிக்கு நீ பண்ணது தப்புதானே?" என்றேன்.

"இல்ல" என்றாள். "நல்லா நிக்கும்னு அன்னிக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணை, வேணாம்னு சொல்ல முடியாதவங்க வாயில நான் வெக்க மாட்டேன். இன்னிக்கு அந்த லாரி வந்து நின்னாலும் அதேதான் சொல்லுவேன்." லென்ஸைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, "அதுவும் ஒரே ஒரு பல்லு. அதை வெச்சுகிட்டு ரொம்ப ஆடாதீங்க" என்றாள்.

அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை. பல் போன வலி என்று சொல்லிக்கொண்டேன். காலையில்தான் கோபம் இறங்கியது, இறங்கியதும் அவள் சொன்னது உள்ளே போயிற்று. பிறகு வெட்கமாக இருந்தது. முடிவு நல்லதாக வந்துவிட்டால் அன்று செய்ததும் நல்லதாகிவிடும் என்று இத்தனை வயதுக்கு அப்புறமும் நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் திமில் நிஜமாகவே இருக்கலாம். அது பொய் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு உலகம் முழுவதும் அதை ஒப்புக்கொள்ளலாம், உன் கைடு பெரிய ஆளாகலாம், முந்திக்கொண்டதற்கு அவரைப் பாராட்டலாம். அப்படி நடந்தாலும், கருவியை இடம் மாற்றிப் பார்க்காமல் இன்று "தெரியும்" என்று எழுதினால், தெரியாததைத் தெரியும் என்று எழுதினதுதான். இதைச் சொல்லிவிட்டு நான் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏனென்றால் கையெழுத்துப் போடாதே என்று நான் சொன்னால் நீ போடமாட்டாய். சின்ன வயதிலிருந்து நீ என் பேச்சைத் தட்டியதில்லை. தனபாலின் பெருமை எனக்கும் இருந்தது, அதனால்தான் இப்போது பயமாக இருக்கிறது. இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவில் உன்னை லாரியில் ஏற்றி உட்காரவைத்த மாதிரி ஆகிவிடக் கூடாது.

அதனால் நீயே உன்னை ஒன்று கேட்டுக்கொள். என் பல்லை அடைப்பதற்கு முன்னால் உன் அம்மா என்னிடம் கேட்டாளே, அதையேதான். உன் கைடிடம் வேண்டாம் என்று சொல்ல உன்னால் முடியுமா? முடியும் என்றால், சொல்லிப் பார்த்து, அவர் முகத்தையும் பார்த்து, அதன் பிறகும் போடத் தோன்றினால் போடு, அது உன் கையெழுத்து. முடியாது என்றால், அந்தக் காகிதத்தில் விழுவது உன் கையெழுத்தே இல்லை, அவருடையதை உன் பேனாவில் எழுதியதுதான். சிபாரிசு போய்விட்டால் தாம்பரம் என்று நானே மேலே எழுதினேன். தாம்பரம் ஒன்றும் காட்டில் இல்லை. இங்கிருந்தும் விண்ணப்பம் போகும், பதில் வரும். மொட்டை மாடி காலியாகத்தான் இருக்கிறது. எனக்கும் அடுத்த மாதத்திலிருந்து வேலை கிடையாது, உன் பெட்டிகளைத் தூக்கி இடம் மாற்றி வைக்க ஒரு கூலியாள் இலவசம். நானும் சும்மா இருக்கப்போவதில்லை. ஒரே ஒரு பல், அதுவும் சோதித்தவளின் புருஷன் பல், ஆகவே இதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொல்லி, பல் மருத்துவப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதப் போகிறேன். அவர்கள் வெளியிடாமல் திருப்பி அனுப்பினால் மறுபடி எழுதுவேன்.

இதை எழுதி முடித்து உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். சமையலறையில் என் பொக்கைக்குப் பல் வைக்க அக்ரிலிக் அச்சைத் தண்ணீரில் போட்டு, ஸ்டவ்வைச் சின்னதாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கேயே முழுதும் படித்தாள். "போடாதேன்னு சொல்ல மாட்டேன்னு எழுதிட்டு, இத்தனை பக்கத்துக்கும் அதையேதானே சொல்லியிருக்கீங்க" என்றாள். அவள் சொன்னது சரி. திருப்பிப் படித்தால் எனக்கே தெரிந்தது. கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், அனுப்புங்க" என்றாள். "உங்க பேச்சைத் தட்ட அவளுக்குத் தெரியும். வளர்த்தது நான்."

அந்த நம்பிக்கையில்தான் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.

அப்பா